வாயில்லா ஜீவனுக்கும் ஒரு மூட்டை

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பொந்தியான் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைப்போம். கைவிளக்குக்கு புது பேட்டரி போடுவோம். அரிசி டின்னை மேசைமேல் தூக்கி வைப்போம். எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

மனிதருக்கு இத்தனை ஏற்பாடு செய்கிற நாம், வாசலில் காவல் காக்கும் நாய்க்கும், அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கும், கொட்டகையில் நிற்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன எடுத்து வைத்திருக்கிறோம்? பத்து வீட்டில் கேட்டால் ஒன்பது வீட்டில் சிரிப்பார்கள். "நமக்கே வழியைக் காணோம், நாய்க்கு மூட்டை கட்டுறாங்களாம்" என்பார்கள். சிரிக்கிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூட்டை நாய்க்காக மட்டும் கட்டுகிற மூட்டை அல்ல, வீட்டு மனிதரைக் காப்பாற்றுவதற்கும் கட்டுகிற மூட்டை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டும். பொந்தியான், ஜொகூரின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை ஒட்டி இருக்கிறது. பெனூட், ஆயர் பாலோய், பொந்தியான் கெச்சில், குக்குப் என்று கடலோரமாகவே ஊர்கள். தெற்கே போனால் ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய். உள்ளே வந்தால் அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ். நிலமெல்லாம் தாழ்ந்த நிலம். பெரும்பகுதி கரிமண். காலை ஊன்றினால் மெத்தை மாதிரி அமுங்கும்.

கடல்நீர் உள்ளே வராதிருக்க, பண்டு என்று நாம் சொல்லும் மண்கரையும், வாய்க்கால் வாயில் மதகும் போட்டிருக்கிறார்கள். மேற்கு ஜொகூர் விவசாய அபிவிருத்தித் திட்டம் 1974-இல் தொடங்கியபோது இந்த வேலைகள் பெரிய அளவில் நடந்தன. கடல் ஏறும்போது மதகை மூடவேண்டும். இறங்கும்போது திறந்து உள்ளே தேங்கிய மழைநீரை வெளியே விடவேண்டும். நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. பெருமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், மதகு மூடியிருக்கும் அத்தனை மணி நேரமும் மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. கரிமண்ணில் தண்ணீரை வடித்துப் பயிர் வைத்தால் அந்த மண் காய்ந்து, மட்கி, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். பழைய செம்பனை மரங்களின் வேர்கள் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் மேலே வரவில்லை. மண்தான் கீழே இறங்கியிருக்கிறது. பாட்டன் காலத்தில் தண்ணீர் ஏறாத இடத்தில் பேரன் காலத்தில் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2001 டிசம்பர் 27-இல் வாமேய் என்ற புயல் ஜொகூரில் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் பிறக்காது என்றிருந்த எண்ணத்தையே அது மாற்றிவிட்டது. எங்களுக்குக் கிழக்கே கூனோங் பூலாய் மலையடியில் வெள்ளத்தோடு மண்ணும் மரமும் இறங்கி ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின. பிறகு 2006 டிசம்பரில் ஒரு வெள்ளம். அது வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் இன்னொரு வெள்ளம். ஜொகூர் மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

அரை மணி நேரம்

அந்த 2006 வெள்ளத்தில் லோரியில் ஏறி நின்றவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை. ஒரு கறவைப் பசு, அதன் கன்று, ஒரு கிழட்டு நாய். பால் விற்ற காசில்தான் மளிகைக் கடைக் கணக்கைத் தீர்ப்பார்.

"பெரியம்மா, ஏறுங்க! தண்ணி ஏறிக்கிட்டே வருது!" என்று பையன்கள் கத்தினார்கள்.

"நீங்க போங்கப்பா. கட்டிப்போட்ட மாட்ட தண்ணியில விட்டுட்டு நான் எப்படி வர்றது? அது என்ன வாய் தொறந்து கேக்கவா போகுது?" என்றார்.

அவிழ்த்துவிடலாம் என்று இரண்டு பையன்கள் இறங்கி ஓடினார்கள். மாடு மிரண்டு இழுத்ததில் நைலான் கயிற்றின் முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. கையால் அவிழ்க்க முடியவில்லை. கத்தி எங்கே? யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரில் தட்டுத்தடுமாறி அடுத்த வீட்டில் ஒரு பாராங்கைக் கண்டுபிடித்து வந்து அறுத்தார்கள். மாடும் கன்றும் பழைய ஸ்டோர் மேட்டுக்குத் தாமாகவே ஏறிப் போயின. நாயைக் கோணிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு பெரியம்மா லோரியில் ஏறினார். இத்தனைக்கும் அரை மணி நேரம். அதுவரை கைப்பிள்ளைக்காரிகளும் வயதானவர்களும் லோரியில் மழையில் நனைந்துகொண்டு நின்றோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். பெரியம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பத்து வருடம் பால் கொடுத்த ஜீவனை விட்டுவிட்டு வா என்றால் யாருக்குக் கால் எழும்? ஆனால் அன்று குறைவாக இருந்தது அன்போ தைரியமோ அல்ல. ஒரு கத்தி, ஒரு சாக்கு, "மாட்டை எங்கே ஓட்டுவது" என்று முன்கூட்டியே ஒரு முடிவு. இந்த மூன்றும் இருந்திருந்தால் அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகியிருக்கும்.

இது நம் தோட்டத்துக் கதை மட்டுமல்ல. 2005-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் கத்ரீனா சூறாவளியில் மூழ்கியபோது, நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். மீட்புக்காரர்கள் மனிதரை மட்டும் ஏற்றியதால் வந்த துன்பத்தைக் கண்டு, மறு ஆண்டே அந்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். பேரிடர் திட்டம் வகுக்கும் மாநிலங்கள் வளர்ப்புப் பிராணிகளை அப்புறப்படுத்தும் வழியையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். பணக்கார நாடே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தஞ்சை, நாகைப் பக்கத்திலும் 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் மாண்ட ஆடுமாடுகள் ஆயிரக்கணக்கில். கறவையை இழந்த குடும்பம் மறுபடி எழுந்து நிற்க எத்தனை நாளாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூட்டையில் என்ன வேண்டும்?

பெரிய செலவு வேண்டாம், தாய்மார்களே. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். பையைவிட வாளி நல்லது. மழையில் நனையாது, போன இடத்தில் அதுவே தண்ணீர்த் தொட்டியாகவும் ஆகும். ஒன்று மட்டும் கவனம். தோட்டத்தில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ உரமோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கக்கூடாது. பிராணிக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது.

நாய், பூனைக்கு ஒரு வாரத்துக்குக் காய்ந்த தீனியை இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள். வழக்கமாகத் தின்பதையே வையுங்கள்; புதிதாக ஒன்றைக் கொடுத்தால் பதற்றத்தில் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வெள்ள நாளில் மிச்சக் குழம்புச் சோறு போடலாமே என்று நினைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுக்கும்.

தண்ணீர், பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டருக்கு மேல் தேவை. ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு இருந்தால் மூன்று நாளை ஓட்டிவிடலாம். வெள்ளத் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது.

நாய்க்குக் கழுத்துப் பட்டையும் உறுதியான கயிறும் வேண்டும். பட்டையில் அழியாத மையால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். பூனைக்கு மூடியுள்ள கூடை. ஆபத்து நேரத்தில் பூனையைப் பிடித்துக் கூடையில் திணிக்கப் பார்த்தால் கையைக் கிழித்துவிட்டுக் கூரைமேல் ஏறிக்கொள்ளும். அதனால் கூடையை இப்போதே வீட்டு மூலையில் திறந்து வைத்து, உள்ளே ஒரு பழைய கைலித் துணியைப் போட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் அது தன் படுக்கை என்று எண்ணிக்கொள்ளும். பிறகு மூடியைச் சாத்தினால் போதும்.

தடுப்பூசி அட்டை, நாய் லைசென்ஸ், பிராணியோடு நீங்களும் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். காணாமற்போன நாய் வேறிடத்தில் கிடைத்தால் "இது என்னுடையது" என்று காட்ட அந்தப் படம் உதவும்.

மருந்துக்கு: பஞ்சு, காயத்துணி, கத்தரிக்கோல், உண்ணி பிடுங்கச் சிறு இடுக்கி, பழைய துண்டு இரண்டு, கையுறை, போவிடோன் அயோடின் ஒரு சிறு போத்தல். காயத்தை முதலில் உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. அயோடினை அப்படியே ஊற்றாமல், பாலில்லாத இளந்தேநீர் நிறத்துக்கு நீர் கலந்து தடவ வேண்டும். அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும், வலி அப்படி. ஆகவே வாயைக் கட்ட ஒரு நீளத் துணி நாடா இருக்கட்டும். ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது.

எது கூடாது?

நம் வீடுகளில் எந்த நோவுக்கும் முதலில் கை போவது பெனடாலுக்கும் கோடாலித் தைலத்துக்கும். பூனைக்கு இரண்டுமே விஷம். பெனடால் ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். தைலத்தைத் தடவினால் நக்கித் தின்று துவண்டுவிடும். டெட்டாலும் பூனைக்கு ஆகாது. நாய்க்கும் மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுகிற பழைய வழக்கமும் வேண்டாம், தோல் வெந்துபோகும். சந்தேகம் என்றால் மாவட்டத்துக் கால்நடைச் சேவை அலுவலகத்தில், அதாவது நாம் வெட்டரினரி என்று சொல்லும் இடத்தில், மழைக்கு முன்பே போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆடு, மாடு, கோழி

இவற்றுக்கு மூட்டையைவிட மேடுதான் முக்கியம். எந்த மேடு, எந்த வழி, யார் ஓட்டுவது என்பதை வெயில் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும். தோட்டத்து மேட்டில் விடுவதென்றால் நிர்வாகத்திடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். தண்ணீர் வந்தபிறகு கேட்க ஆள் இருக்காது.

கொட்டகைத் தூணில், கைக்கெட்டும் உயரத்தில், கயிறு அறுக்க ஓர் அரிவாளைச் செருகி வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம். மழைக்கால இரவுகளில் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். மாட்டின் முதுகில் பெயிண்டால் தொலைபேசி எண்ணை எழுதினால் வழிதவறினாலும் திரும்பி வரும். வைக்கோலும் தீவனமும் பரண்மேல் இருக்கட்டும். வெள்ளம் வடிந்ததும் சேறு படிந்த புல்லில் மேய விடாதீர்கள். நனைந்த ஆட்டுக்குச் சளி நெஞ்சில் இறங்கும். உடனே துவட்டிக் காற்றுப் படாத இடத்தில் கட்டவேண்டும். கோழிகளுக்கு மூங்கில் கூடையோ அட்டைப் பெட்டியோ போதும். காற்றுப்போகத் துளை இருந்தால் சரி.

மேட்டுக்கு ஓட்ட நேரமே இல்லையென்றால், கொட்டகைக் கதவைத் திறந்து, கட்டை அறுத்துவிட்டு, நீங்கள் கிளம்புங்கள். கட்டிவைத்த மாடு நின்ற இடத்தில் மூழ்கும். அவிழ்த்துவிட்ட மாடு நீந்தும், மேடு தேடும். நாய்க்கும் இதே கதைதான். சங்கிலியில் கட்டிவிட்டுப் போவதைப்போலக் கொடுமை வேறில்லை. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் பிராணியைப் பேணும் கடமையை வளர்ப்பவர் தலையில்தான் வைக்கிறது.

எங்கே கொண்டு போவது?

பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் திறக்கிற வெள்ள நிவாரண மையங்களுக்குள் பெரும்பாலும் பிராணிகளை விடமாட்டார்கள். பல இனத்தாரும் நெருக்கியடித்துப் படுக்கும் இடம். நாயைத் தொடுவதில் முஸ்லிம் அண்டை வீட்டார்க்குள்ள கட்டுப்பாட்டை நாமும் மதிக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கலாம். ஆகையால் அங்கே போய் வாசலில் நின்று வாதாடுவதைவிட, மேட்டுப்பாங்கான ஊரில் இருக்கும் ஓர் உறவினரையோ சிநேகிதரையோ இப்போதே கேட்டு வையுங்கள். "அண்ணி, மழை வலுத்தா எங்க நாயையும் பூனையையும் ரெண்டு நாளைக்கு உங்க கொல்லையில விட்டுக்கலாமா?" என்று கேட்டால் மாட்டேன் என்பவர் குறைவு. லயத்தில் நான்கு குடும்பம் சேர்ந்து, தண்ணீர் ஏறுமுன்பே ஒரே வண்டியில் அனுப்பிவிட்டால் செலவும் குறையும்.

வீட்டுக்குள் வேலையையும் பங்கு போட வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவன் நாய்க்கயிறு, சின்னவள் பூனைக்கூடை, அவர்கள் அப்பா வாளி, நான் பத்திரப் பை. ஆளுக்கொரு சாமான், கேள்வி கிடையாது. இதற்கு மேல் ஒரு சட்டமும் உண்டு. வெளியே வந்தபிறகு எதற்காகவும் யாரும் திரும்பிப் போகக்கூடாது. அரை அடி ஆழமுள்ள தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். விட்டுப்போன பிராணியைப் பற்றித் தீயணைப்புப் படையினரிடமோ பொதுத் தற்காப்புப் படையினரிடமோ சொல்லுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். அதிலிருந்து வருவதுதான் எலிக்காய்ச்சல். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். பிராணியைச் சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள்; அப்போது உங்கள் கையில் கையுறை இருக்கட்டும், காலில் பூட்ஸ் இருக்கட்டும். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் டாக்டரிடம் "வெள்ளத் தண்ணியில நின்னேன்" என்று மறக்காமல் சொல்லவேண்டும். நாய்க்கு இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடி நோய் 2017 முதல் சரவாக்கில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. எந்த நாய் கடித்தாலும் பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊசி போட்ட அட்டையும் மூட்டையில் ஒரு மருந்துதான்.

வீட்டுக்குள் நுழையும்போது கவிழ்ந்து கிடக்கும் வாளி, கோணி, விறகுக் குவியல் எதையும் வெறுங்கையால் தூக்காதீர்கள். வெள்ளம் நம்மைத் துரத்தியதுபோல் பாம்பையும் துரத்தியிருக்கும். நாய் ஓரிடத்தைப் பார்த்துக் குரைத்தால் சும்மா குரைக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். உண்மைதான், ஆனால் கணுக்காலில் இருக்கும்போது சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. அந்த நேரத்தில் கை நீட்டினால் எடுக்கிற இடத்தில் வாளியும் கயிறும் கூடையும் தயாராக இருந்தால், லோரி வந்து ஆரன் அடிக்கும்போது யாரும் வாசலில் நின்று அழ வேண்டியதில்லை; யாரும் யாருக்காகவும் மழையில் காத்து நிற்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாளியை நிரப்பி, கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள்.